கல்யாண வீட்டுக்கும் மைதானத்துக்கும் ஒரு கமரா

சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதிலே, முன்னர் எம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் தம் தங்கையுடன் எமது இல்லத்துக்கு வந்திருந்தார். மருதமுனையைச் சேர்ந்தவர், நெசவுத் தொழிற் குடும்பத்தவர். படிப்பு முடிந்தபின் ஒரு படப்பிடிப்பு நிலையத்திலே இரண்டாண்டு காலம் உதவியாளராக இருந்து தொழில் பழகியவர். இப்பொழுது சொந்தமாகவே தொழில் தொடங்கும் எண்ணம் அவருக்கு.

"சேர், கல்யாண வீட்டுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் ஒரே கமராவாக எடுக்க வேணும். எது நல்லம்?" என்று கேட்டார்.

கல்லூரி விளையாட்டு விழாக்களைப் பல்லாண்டுகளாகப் படம் பிடித்து வருபவர் என்ற அளவிலேதான் அவர் எம்மை நாடி வந்தார். அவர் நீட்டிய தாளிலே மூன்று புதிய கமராக்களின் பெயர்களும், அவற்றின் எதிரே வரிசையாக எண்களும் எழுதப்பட்டிருந்தன. பணத்துக்கு வழி யாதென வினவினோம். சிறிது தயங்கியபின், "உம்மாட காப்பும் தங்கச்சிட சங்கிலியும் இருக்கு, சேர். வங்கியில வைக்கலாம்" என்றார். தங்கை தலை குனிந்திருந்தார். அவர் இன்னும் மணமாகாதவர். அச்சங்கிலி எதற்காகச் சேர்த்து வைக்கப்பட்டது என்பதை இப்பகுதி வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

கல்முனையிலிருந்து பொத்துவில் வரை இக்கரையோர ஊர்களிலே இதே எண்ணத்துடன் இருக்கும் இளைஞர் பலராவர். ஆதலின் அன்று அவ்விருவருடன் பேசியவற்றை இவ்வாரம் யாவருக்குமாக எழுத முனைந்தோம்.

பெரிய எண் ஏமாற்றும் எண்

வில்லையைக் கழற்றி மாற்றக்கூடிய கமராவிலே, வில்லை நீங்கலாக எஞ்சும் பகுதியைத் தொழில் செய்வோர் 'பொடி' என்பர். நாம் அதனைப் பெட்டி என்றே கொள்வோம். ஒளியைப் பதியும் உணரி, வேண்டிய நேரம் மட்டும் ஒளியை உள்ளே விடும் ஷட்டர், குவியத்தைத் தேடும் பொறி, படத்தைச் சேமிக்கும் அட்டை ஆகிய யாவும் அப்பெட்டிக்குள் அடங்கும்.

பெட்டி வாங்கச் செல்வோர் முதலிலே கேட்பது, "எத்தனை மெகாபிக்சல்?" என்பதே. ஒரு காலத்தில் இக்கேள்விக்குப் பொருள் இருந்தது. 1975ஆம் ஆண்டிலே கொடாக் நிறுவனத்துப் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் அமைத்த டிஜிட்டல் கமரா, நீளத்துக்கு 100, அகலத்துக்கு 100 என 10,000 புள்ளிகளையே பதிந்தது. ஒரு படத்தைக் கசட் நாடாவிலே சேமிக்க 23 வினாடிகள் எடுத்தது. 1999இல் வெளிவந்த நிக்கோன் டி1 ஏறத்தாழ 27 இலட்சம் புள்ளிகளை உடையது. அவ்வளவைக் கொண்டே பத்திரிகைப் படப்பிடிப்பாளர் பலர் பிலிம் சுருளைக் கைவிட்டனர். இன்றோ கடையிலே உள்ள பெட்டிகளுட் பெரும்பாலானவை 2 கோடிப் புள்ளிகளுக்கு மேற்பட்டவை.

நமக்கு எத்தனை போதும்? கல்யாண அல்பத்தின் ஒரு பக்கம் 12 அங்குலமும் 18 அங்குலமும் என்று கொள்வோம். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். 3,600ஐ 5,400ஆல் பெருக்கினால் 1 கோடியே 94 இலட்சம் வரும். ஆகவே 20 முதல் 24 மெகாபிக்சல் வரையுள்ள பெட்டி, முழுப் பக்கப் படத்துக்கும் போதுமானதே. அதற்கு மேற்பட்ட புள்ளிக்காக ஒரு பெண்ணின் சங்கிலியை அடகு வைத்தல் தகாது என்று கூறினோம்.

ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளி

கல்யாணமும் விளையாட்டும் ஒரே பெட்டிக்கு இரு வேறு சோதனைகளாகும். கல்முனைச் சந்தாங்கேணி மைதானத்திலே உச்சி வெயிலில் நிற்கும் ஒருவர், எஃப் 2.8 துவாரமுள்ள வில்லையோடு, ஐ.எஸ்.ஓ. 100 என்ற குறைந்த ஒளியுணர்விலேயே வினாடியின் 3,200இல் ஒரு பங்கு நேரத்தில் படம் எடுத்துவிடலாம். அவரே இரவிலே ஒரு கல்யாண மண்டபத்தினுள் நுழைந்தால், கண்ணுக்கு வெளிச்சமாகத் தோன்றும் இடத்திலும் ஒளி அவ்வெயிலின் ஆயிரத்தில் ஒரு பங்காகவே இருக்கக்கூடும். ஒளியுணர்வை 3,200க்கு உயர்த்தினாலும் ஷட்டருக்கு வினாடியின் 125இல் ஒரு பங்கு நேரம் தேவைப்படும்.

அமர்ந்திருக்கும் மாப்பிள்ளைக்கு அந்த வேகம் போதும். ஓடும் மாணவனுக்குப் போதாது. 100 மீற்றரை 12 வினாடிகளில் ஓடும் மாணவன், வினாடியின் 125இல் ஒரு பங்கு நேரத்தில் ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடுகிறான், படம் மங்கிப்போகும். 1,000இல் ஒரு பங்கு நேரத்திலோ அவன் ஒரு சென்ரிமீற்றரும் நகர்வதில்லை. பகலிலே நடைபெறும் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு இவ்வேகத்தை எந்தப் பெட்டியும் தரும். மின்னொளியிலே நடைபெறும் உதைபந்தாட்டத்துக்கும் மென்பந்துக் கிரிக்கெட்டுக்கும் அவ்வாறன்று. ஆகவே கல்யாணத்துக்கும் இரவு விளையாட்டுக்கும் பொதுவான தேவை, குறைந்த ஒளியிலே தெளிவாகப் பதியும் உணரியேயாம்.

முழுச்சட்ட உணரி என்பது 36 மில்லிமீற்றர் நீளமும் 24 மில்லிமீற்றர் அகலமும் உடையது. அதன் பரப்பு 864 சதுர மில்லிமீற்றர். ஏ.பி.எஸ்.-சி. என்னும் சிறிய உணரியின் பரப்பு ஏறத்தாழ 370 மட்டுமே. ஒரே துவாரத்தின் வழியாகப் பெரிய உணரி இரு மடங்குக்கு மேற்பட்ட ஒளியைப் பெறுகிறது. கல்யாண மண்டபத்திலே அதுவே வெல்லும். மைதானத்திலே சிறிய உணரிக்கும் ஒரு நன்மை உண்டு. 200 மில்லிமீற்றர் வில்லை அதிலே 300 மில்லிமீற்றர் வில்லை போலத் தொலைவிலுள்ளதை அண்மையிற் காட்டும்.

இன்னொரு சிக்கலையும் மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. நமது நாட்டு மின்னோட்டம் வினாடிக்கு 50 சுற்றுடையது. அதனால் விளக்குகள் பல வினாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. கண் அதனைக் காணாது. விரைந்து இயங்கும் ஷட்டர் காணும். அடுத்தடுத்து எடுத்த இரு படங்களுள் ஒன்று வெளிச்சமாகவும் மற்றது மங்கலாகவும் அமையும். விளக்கு உச்சப் பிரகாசம் அடையும் கணத்துக்காகக் காத்திருந்து படம் எடுக்கும் ஏற்பாடு, 2014இல் வந்த கெனன் 7டி மார்க் II பெட்டியிலே அமைந்தது. கண்ணாடியற்ற புதிய பெட்டிகளுள் உள்ள ஓசையற்ற மின்னணு ஷட்டர், குத்பா ஓதும் வேளையிலும் கோயிலின் அமைதியிலும் பேருதவியே. ஆனால் பெரும்பாலான உணரிகள் படத்தை வரி வரியாகவே வாசிப்பதால், வீசும் துடுப்பு வளைந்து தோன்றும். விளக்கொளியிலே பட்டை பட்டையாகக் கோடு விழும். இக்குறையை நீக்கி முழுப்படத்தையும் ஒரே கணத்தில் வாசிக்கும் சோனி ஏ9 III 2023இல் அறிவிக்கப்பட்டது. அதன் விலையோ நமது இளைஞர் கைக்கு எட்டாதது.

தங்கை கேட்ட கேள்வி

இவ்வளவும் பேசி முடிந்தபின், அதுவரை மௌனமாயிருந்த தங்கை வாய் திறந்தார்.

"சேர், கார்ட் பழுதாப் போனா, அந்தப் பொண்ணுட உம்மாவுக்கு நானா என்ன சொல்றது?"

தமையனின் தாளிலே இல்லாத கேள்வி இது. நாமும் அதுவரை இதனைக் கூறவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிலிம் காலத்திலே ஒரு சுருளுக்கு 36 படங்கள். ஒரு சுருள் கெட்டால் 36 படங்களே போயின. மற்றைச் சுருள்கள் எஞ்சின. இன்று விரல் நகத்தைவிடச் சற்றே பெரிய ஓர் அட்டையிலே ஆயிரக்கணக்கான படங்கள் அடங்குகின்றன. வசதி பெருகியது போலவே ஆபத்தும் பெருகியது. அந்த ஓர் அட்டை செயலிழந்தால் முழுக் கல்யாணமும் இல்லாமற் போகும். விளையாட்டுப் போட்டி அடுத்த ஆண்டும் வரும். நிக்காஹ் மீண்டும் வராது. தாலி கட்டும் முகூர்த்தமும் மீண்டும் வராது.

ஆகவே கல்யாணத்துக்குப் பெட்டி தேடுவோர் முதலிலே கேட்க வேண்டியது, "இரண்டு அட்டைகள் இடலாமா?" என்பதே. ஒரே படத்தை ஒரே வேளையில் இரண்டு அட்டைகளிலும் எழுதும் பெட்டியாயின், ஒன்று கெட்டாலும் மற்றது காக்கும். 2018இல் நிக்கோன் இசட்6, இசட்7, கெனன் ஈ.ஓ.எஸ். ஆர் ஆகியவை ஓர் அட்டைக்கு மட்டுமே இடமளித்து வெளிவந்தபோது, கல்யாணப் படப்பிடிப்பாளர் பலர் குறை கூறினர். 2020இல் வந்த நிக்கோன் இசட்6 IIஇலும் கெனன் ஆர்6இலும் இரண்டு அட்டைகளுக்கு இடமுண்டு. ஒன்று நிரம்பியபின் மற்றதில் எழுதும்படி அமைத்துவிட்டால் இரண்டு இருந்தும் பயனில்லை. இரண்டிலும் ஒன்றாக எழுதும்படி பெட்டியை அமைத்தல் வேண்டும்.

ஒரே வேளையில் இரண்டு இடம்

அத்தங்கையின் கேள்வி எமது சிந்தனையை வேறொரு பக்கமும் திருப்பியது. நாம் அச்சமூகத்தைச் சேர்ந்தவர் அல்லோம். அழைப்புப் பெற்றுச் செல்லும் விருந்தினரே. ஆயினும் இப்பகுதிக் கல்யாணங்கள் பலவற்றிலே நாம் கண்டது யாதெனில், நிக்காஹ் நடைபெறுவது பள்ளிவாசலிலோ மண்டபத்து ஆண்கள் பகுதியிலோ. மணமகள் இருப்பது தம் வீட்டிலோ பெண்கள் பகுதியிலோ. தந்தையார் மகளுக்கு வலியாக நின்று சொல்லும் வேளையிலே, மகளின் முகம் எவ்வாறு இருந்தது என்பதை ஆண்கள் பக்கத்திலுள்ள கமரா எவ்வளவு விலை உயர்ந்ததாயினும் காண இயலாது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வரும்போது எழும் குரவையும் உள்ளே பெண்கள் மத்தியிலேதான். அங்கே அந்நிய ஆடவர் ஒருவர் கமராவுடன் நுழைந்தால் சிரிப்பு அடங்கிவிடும். பலர் எழுந்து போய்விடுவர். இக்குறையைத் தீர்ப்பது பெட்டி அன்று, ஆளே. பெண் ஒருவரின் கையிலே கமரா இருக்க வேண்டும்.

"உமக்குப் படம் எடுக்கத் தெரியுமா?" என்று தங்கையைக் கேட்டோம். தமையனின் பழைய கமராவிலே பழகியிருப்பதாகச் சொன்னார். தமையன் புன்னகையுடன், "என்னைவிட நல்லா எடுப்பா, சேர்" என்றார்.

அப்போதே எமது ஆலோசனை தெளிவாயிற்று. ஒரு பெரிய புதிய பெட்டி வேண்டாம். முன்னைய தலைமுறையைச் சேர்ந்த, பாவித்த, ஆனால் நன்னிலையிலுள்ள இரண்டு பெட்டிகள் வேண்டும். கெனன் வகையிலே 2012இன் 5டி மார்க் III முழுச்சட்ட உணரி உடையது, 22 மெகாபிக்சல், வினாடிக்கு 6 படங்கள். 2014இன் 7டி மார்க் II சிறிய உணரி உடையது. வினாடிக்கு 10 படங்கள். முன்னது மண்டபத்துக்கு, பின்னது மைதானத்துக்கு. நிக்கோன் வகையிலே 2014இன் டி750உம் 2016இன் டி500உம் அவ்வாறே சோடியாகும். நான்கிலும் இரண்டு அட்டைகளுக்கு இடமுண்டு. ஒவ்வொரு சோடியும் ஒரே வில்லைகளையும் ஒரே வகைப் பற்றரியையும் ஏற்கும். கல்யாண நாளிலே தங்கை ஒன்றையும் தமையன் மற்றதையும் ஏந்தலாம். ஒன்று பழுதானால் மற்றது கைகொடுக்கும்.

இவற்றுக்குக் குறையும் உண்டு. கெனனும் நிக்கோனும் தம் புதுமுயற்சிகளைக் கண்ணாடியற்ற வகைக்கே திருப்பிவிட்டமையால், இப்பழைய வகைக்கு உதிரிப்பாகம் நாளடைவில் அருகும். புதிய பெட்டிகள் கண்ணைத் தேடிக் குவியப்படுத்துவது போல இவை செய்யமாட்டா. எடுப்பவரின் பயிற்சியே அதனை ஈடு செய்ய வேண்டும். பணம் உள்ளவர், மேலே கூறிய 2020ஆம் ஆண்டுப் பெட்டிகளை நாடுதல் தவறன்று. கடன்பட்டுத் தொடங்குபவருக்குச் சோடியே மேல்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

பாவித்த பெட்டியை வாங்குவோர் ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்பதை அறிதல் அவசியம். டி750, 5டி மார்க் III ஆகியவற்றின் ஷட்டர் 150,000 முறையும், டி500, 7டி மார்க் II ஆகியவற்றின் ஷட்டர் 200,000 முறையும் இயங்குமெனச் சோதிக்கப்பட்டவை. கல்யாணம் ஒன்றுக்கு 2,000 படங்கள் எடுத்தால் 75 கல்யாணங்களிலே 150,000 நிறைந்துவிடும். வெள்ளைச் சுவரொன்றைப் படம் எடுத்து உணரியிலே கறை உண்டா என நோக்குக; இரண்டு அட்டைகளிலும் படம் பதிகிறதா எனச் சோதிக்குக; வில்லையினுள் மின்சூளை அடித்து, சிலந்தி வலை போன்ற பூஞ்சணம் படர்ந்துள்ளதா எனப் பார்க்குக.

பெட்டிக்கே பணம் முழுவதையும் செலவிடலாகாது. கமராவுடன் சேர்த்து விற்கப்படும் சாதாரண வில்லை, நீட்டிய நிலையிலே எஃப் 5.6 துவாரமே உடையது. மலிவான 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 வில்லை அதனைவிட ஒன்பது மடங்குக்கு மேற்பட்ட ஒளியை உள்ளே விடும். மண்டபத்துக்கு அதுவே முதல் துணை. மைதானத்துக்கு 70-200 மில்லிமீற்றர் எஃப் 2.8 வில்லை வேண்டும்; அது விலை உயர்ந்தது. போட்டி உள்ள நாளில் மட்டும் வாடகைக்கு எடுத்துத் தொடங்கலாம். 2022 மார்ச் தொடக்கத்திலே டொலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த பெறுமதி, மே மாதத்திலே 350 ரூபாயைத் தாண்டியதை நாம் மறக்கவில்லை. இறக்குமதிப் பொருளைக் கடனுக்கு வாங்குவோர், அத்தகைய மாதம் இன்னொன்று வரினும் தாங்கும் அளவுக்கே கடன்பட வேண்டும்.

கடலும் கமராவும்

நமது ஊர்களிலே காற்றோடு உப்பும் வருகிறது. அறுகம்குடாவிலே அலைச்சறுக்கு வீரரைப் படம் எடுக்கச் செல்வோர் கடற்கரையிலே நின்று வில்லையை மாற்றலாகாது. வீடு திரும்பியதும் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பெட்டியைத் துடைத்து, பின் உலர்ந்த துணியால் துடைத்தல் வேண்டும். தோற்பையிலிட்டு அலுமாரியில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியிலே ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் வைத்தல் நலம்.

கடலைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாதிருக்க முடியவில்லை. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. நாட்டின் மாவட்டங்களுள் அம்பாறையே ஆகக் கூடிய உயிர்களை இழந்தது; 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதுவிலும் மருதமுனையிலும் காரைதீவிலும் வீடுகளோடு அல்பங்களும் போயின. உறவினர் கையிலே எஞ்சியிருந்த ஒரு கல்யாணப் படத்திலே, பின் வரிசையில் நின்ற ஒரு சிறு முகத்தைப் பெரிதாக்கித் தருமாறு கேட்டோரை நாம் அறிவோம். அவர்களுக்கு அப்படத்தின் மெகாபிக்சல் எத்தனை என்பது ஒரு பொருட்டன்று. படம் எங்கோ ஓரிடத்திலே இருந்தது என்பதே பெரிது.

ஆகவே அச்சகோதரருக்கு நாம் இறுதியாகச் சொன்னது இது. கல்யாணம் முடிந்த அன்றிரவே படங்களை இரண்டு வட்டுகளிலே பிரதி செய்க. ஒன்று கடையில் இருக்கட்டும். மற்றது கடலுக்கு அப்பால், சம்மாந்துறையிலே உறவினர் வீடொன்றில் இருக்கட்டும். பிரதிகளைச் சரிபார்க்கும் வரை அட்டையை அழித்தலாகாது. பெண்கள் பகுதியிலே எடுத்த படங்கள் தங்கையின் கையை விட்டு வெளியார் எவரிடமும் போகலாகாது. அழகுபடுத்தும் வேலையையும் அவரே பழகிக்கொள்ளட்டும். ஒரு குடும்பம் தன் மகளின் முகத்தை நம்பி ஒப்படைக்கிறது. அந்நம்பிக்கை ஒருமுறை கெட்டால் எந்தக் கடையிலும் வாங்க இயலாது.

சென்ற வாரம் தொலைபேசியிலே பேசினார்கள். கெனன் சோடி கிடைத்துவிட்டதாம். உம்மாவின் காப்பு மட்டும் வங்கிக்குப் போயிருக்கிறது. சங்கிலி தங்கையின் கழுத்திலேயே இருக்கிறது. அடுத்த மாதம் நிந்தவூரிலே ஒரு கல்யாணம். பெண்கள் பகுதிக்கெனத் தங்கையைத் தனியே கேட்டிருக்கிறார்களாம்.

கமரா வாங்க எண்ணும் மாணவ நேயர்களும் கடைக்குப் போகுமுன் அத்தங்கையின் கேள்வியைத் தமக்குள் ஒருமுறை கேட்டுக்கொள்வார்களாக.